சுண்டெலி விந்தகத்தில் கிளாடின்-11ஐ ஆராயும் முறை

விந்தணுவாக்கக் குழலின் அடிப்பகுதியில் விந்தணுவாக வளரும் செல்களைத் தாங்கும் செர்டோலி செல்களை ஒன்றோடொன்று இறுக்கி, இரத்தத்திலுள்ள பொருள்கள் குழலுக்குள் கசியாமல் தடுக்கும் இரத்த–விந்தகத் தடுப்பை அமைக்கும் புரதங்களுள் கிளாடின்-11 முதன்மையானது. அதற்குரிய மரபணு நீக்கப்பட்ட ஆண் சுண்டெலிகள் மலடாகின்றன என்பது 1999இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. ஆனால், இம்மரபணுவின் தூது ஆர்.என்.ஏ. (புரதம் ஆக்குவதற்கான மரபணுப் படி) அளவை மட்டும் கொண்டு தடுப்பு நலமாக உள்ளதா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஒரு விந்தகத்தை ஆர்.என்.ஏ.வுக்கும் மற்றதை நுண்ணோக்கியில் காணும் திசுச்சீவலுக்கும் ஒதுக்குங்கள். முதலாவதை உடனே திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, பிரித்தெடுத்த ஆர்.என்.ஏ.வில் ஒட்டியிருக்கும் டி.என்.ஏ.வை டிஎன்ஏஸ் நொதியால் அகற்றிய பிறகே பி.சி.ஆர். (மரபணுப் படிகளைப் பெருக்கி அளக்கும் முறை) அளவீட்டுக்குச் செல்ல வேண்டும்.

பலரும் இடறுவது கணக்கிடும்போதுதான். முதிர்ந்த விந்தகத்தில் விந்தணுவாக வளரும் செல்களே பெரும்பான்மை. புசல்ஃபான் போன்ற மருந்தால் அவை அழிந்தால், எஞ்சும் திசுவில் செர்டோலி செல்களின் பங்கு கூடிவிடுவதால், ஒவ்வொரு செல்லிலும் எதுவும் மாறாதபோதும் கிளாடின்-11 பெருகியதுபோலத் தோன்றும். குட்டிகளையும் முதிர்ந்தவற்றையும் ஒப்பிடும்போதும் இதே மயக்கம் நேரும். ஆகவே பீட்டா-ஆக்டின் போன்ற பொது மரபணுக்களோடு நிறுத்திக்கொள்ளாமல், செர்டோலி செல்களில் வெளிப்படும் சாக்ஸ்9 மரபணுவோடும் ஒப்பிட்டு, சீவலில் அச்செல்களின் உட்கருக்களையும் எண்ணிப் பார்ப்பது பாதுகாப்பானது.

ஒளிரும் எதிர்ப்பொருளால் சாயமேற்றிய சீவலில், நலமான குழலின் அடிச்சவ்வுக்குச் சற்று உள்ளே, அதையொட்டி ஓடும் நெளிந்த கோடாகக் கிளாடின்-11 தெரியும். தடுப்பு குலையும்போது அக்கோடு அறுபட்டு, புரதம் செல்லுக்குள் சிதறிக் கிடக்கலாம். சுண்டெலியின் விந்தணுவாக்கச் சுழற்சி 12 நிலைகள் கொண்டது. ஒரே நிலையிலுள்ள குழல்களையே ஒப்பிட வேண்டும்.

தடுப்பு உண்மையில் கசிகிறதா என்பதற்குச் சுவட்டுச் சோதனை தேவை. நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, மயக்கமூட்டிய வேறு விலங்குகளில், செல்லுக்குள் புகாத பயோட்டின் சேர்மத்தை விந்தக உறைக்கு அடியில் மெதுவாகச் செலுத்தி, 30 நிமிடம் கழித்துத் திசுவை எடுத்து பயோட்டினைப் பற்றிக்கொள்ளும் ஒளிரும் ஸ்ட்ரெப்டாவிடினால் காணலாம். கரைசலில் 1 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு இருக்கட்டும். கால்சியம் இல்லாவிட்டால் செல்களுக்கு இடையிலான சந்திப்புகள் தாமாகவே தளரக்கூடும். நலமான குழலில் பயோட்டின் அடிப்பகுதியோடு நின்றுவிடும். கரைசல் மட்டும் செலுத்திய விந்தகமும், தடுப்பைச் சிதைக்கும் காட்மியம் குளோரைடு கொடுத்த விலங்கும் ஒப்பீட்டுக்கு உடனிருந்தால்தான், உள்ளே தெரியும் ஒளியைக் கசிவு என்று எழுதலாம்.