8 மில்லிமீட்டர்தானேன்னு பயாப்ஸி ரிப்போர்ட்டை மடிச்சு வச்சிராதீங்க

எங்க ஆச்சிக்கு (காரைக்குடிப் பக்கம் நாங்க அக்காவைத்தான் ஆச்சிம்போம்) தைராய்டுல 8 மில்லிமீட்டர் கட்டி, பாப்பிலரி கேன்சர்னு (தைராய்டு கேன்சர்ல ஒரு வகை) ரிப்போர்ட் வந்த அன்னைக்கு வளவுல ரெண்டு கட்சி ஆயிருச்சு. அயித்தான் "மிளகத்தனை, விட்டுத் தள்ளு"ன்னாக, அப்பத்தா ஒரே அழுகை. ரெண்டு பேரும் பார்த்தது அந்த 8-ஐ மட்டும்தான்.

1 சென்டிமீட்டருக்கு மேல போகாத பாப்பிலரிக்கு மைக்ரோகார்சினோமான்னு பேரு, பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து இல்லாதது, அது உண்மைதான். ஆனா கட்டி தைராய்டைத் தாண்டி வெளிய போயிருக்கா, ரத்தக்குழாய்க்குள்ள நுழைஞ்சிருக்கா, டால் செல்னு (செல்லு உசரமா இருக்குற பாப்பிலரி) சொல்ற மாதிரி முரட்டு வகையா, குரல் நரம்பை ஒட்டி இருக்கா, இதெல்லாம் சைஸ் சொல்லாது. மெடுல்லரின்னு இன்னொரு தைராய்டு கேன்சர் வகையைப் போட்டிருந்தா கதையே வேற, அங்க சின்னதுங்குற ஆறுதல் செல்லாது, குடும்பத்துல மத்தவங்களுக்கும் ஜீன் டெஸ்ட் பார்க்கச் சொல்வாங்க.

கழுத்துல நெறி கட்டியிருக்குன்னதும் "பரவிருச்சு, அவ்வளவுதான்"னு உட்கார்றதும் தப்பு. பாப்பிலரியில 55 வயசுக்குள்ள, நுரையீரல் எலும்புன்னு தூரமா போகாம இருந்தா, நெறி இருந்தாலும் ஸ்டேஜ் 1தான். முன்னாடி இந்தக் கணக்கு 45 வயசா இருந்துச்சு, 2018-லேருந்துதான் 55, அதனால பழைய கட்டுரையைப் படிச்சுட்டு ராத்திரி முழிச்சுக் கெடக்காதீங்க.

வயசு விஷயம் எனக்கே தலைகீழாத்தான் இருந்துச்சு. ஜப்பான்ல கோபே ஊர்ல குமா ஹாஸ்பிட்டல்ல 1993-லேருந்து இந்தச் சின்னக் கட்டிகளை ஆபரேஷன் பண்ணாம ஸ்கேன்லயே பார்த்துட்டு வர்றாங்க, 10 வருஷத்துல 3 மில்லிமீட்டராவது வளந்தது நூத்துக்கு 8 பேருக்குத்தான், அதுலயும் வயசானவங்களுக்கு வளர்றது கம்மி. ஆக பரவாத சின்னக் கட்டியில "வயசாயிருச்சு, உடனே வெட்டணும்"ங்குற அவசரம் வேணாம். நல்லாப் பரவுன கேன்சர்லதான் வயசு கூடக்கூட ஆபத்தும் கூடும். சும்மா பார்த்துட்டு இருக்கறதும் எல்லாருக்கும் ஒத்துவராது, மூச்சுக்குழாயை ஒட்டியிருந்தா ஆபரேஷன்தான்.

டிஎஸ்ஹெச் (தைராய்டு எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்குற ரத்த டெஸ்ட்) நார்மல், அப்ப கேன்சர் இல்லைன்னு நினைக்காதீங்க, கேன்சர் இருக்குற நெறைய பேருக்கு அது நார்மலாத்தான் வரும். ஆபரேஷனுக்கு அப்புறம் கதிரியக்க அயோடின் மருந்து குடுக்கலையேன்னு டாக்டர்கிட்ட மல்லுக்கட்டவும் வேணாம், ஆபத்து கம்மியான சின்னக் கட்டிக்கு பொதுவா அது தேவைப்படாது.

இன்னொண்ணு, பாதி தைராய்டு மட்டும் எடுத்தவங்களுக்கு ரத்தத்துல தைரோகுளோபுலின் (தைராய்டு சுரக்குற ஒரு புரதம், கேன்சர் திரும்ப வருதான்னு இதை வச்சுப் பார்ப்பாங்க) ஜீரோ ஆகாது, மீதிப் பாதி அதைச் சுரந்துகிட்டேதான் இருக்கும். இது தெரியாமதான், பாதி மட்டும் எடுத்திருந்த ஆச்சி மதுரையில டெஸ்ட் எடுத்துட்டு வந்து ரெண்டு நாளு சோறு தண்ணி இல்லாமக் கெடந்தாக.