பகல் மையமா, முதியோர் இல்லமா? இரவைக் கணக்கில் எடுக்காமல் முடிவெடுக்காதீர்கள்

"நாங்க வேலைக்குப் போயிட்டா அம்மாவை யார் பார்த்துக்கறது?" பெரும்பாலான வீடுகளில் பேச்சு இங்கேதான் தொடங்குகிறது. ஆனால் பராமரிப்பவர்கள் ஓய்ந்துபோவது பெரும்பாலும் இரவில். மறதிநோய் உள்ள பலருக்குப் பொழுது சாயும்போது பதற்றம் கூடும்; "வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்கு நடப்பார்கள். முதியவர்களைப் பகலில் மட்டும் பார்த்துக்கொள்ளும் பகல் மையம் அந்நேரத்துக்கு மூடியிருக்கும்.

அதனால் முதலில் ஒரு வாரம் இரவுகளைக் குறித்துவையுங்கள். எத்தனை முறை எழுந்தார், கழிப்பறைக்குத் தனியாகப் போனாரா, படுக்கை நனைந்ததா, யார் எழுந்து கவனித்தது என்று எழுதினால் போதும். இரவு அமைதியாகக் கழிந்து, பகலில்தான் தனிமையும் சாப்பாட்டுச் சிக்கலும் என்றால் பகல் மையமே நல்லது. பகலெல்லாம் தூங்கி இரவில் விழிப்பவருக்கும், பகலில் விழித்திருக்க வைப்பதால், அது உதவும். தினமும் இரவில் இரண்டு மூன்று முறை ஒருவர் தூக்கிவிட வேண்டிய நிலை என்றால், பகல் மையத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

அடுத்த தவறு, திடீர்க் குழப்பத்தைப் பார்த்து முதியோர் இல்லத்தில் சேர்ப்பது. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இரண்டே நாளில் தடுமாறினால் சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் (உப்புச் சத்து) குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். இவை சரிசெய்யக்கூடியவை. மருத்துவரைப் பார்க்கும் முன் எந்த அட்வான்ஸும் கட்டாதீர்கள். மருத்துவமனையிலிருந்து வந்த கையோடும் முடிவெடுக்க வேண்டாம். உடல் தேற அவகாசம் கொடுங்கள்.

பகல் மையத்தில் பலர் கேட்க மறப்பது மதிய மருந்து. இன்சுலின் போட நர்ஸ் இருக்கிறாரா? வண்டி வீட்டு வாசல்வரை வருமா, ஏற்றி இறக்க ஆள் உண்டா? நினைத்தபோது அனுப்புவதும் பலன் தராது. வாரத்தில் குறிப்பிட்ட நாட்களை வைத்துக்கொண்டால்தான் இடமும் முகங்களும் பழகும். முதல் சில நாட்கள் "போகமாட்டேன்" என்று பெற்றோர் சொன்னதும் பிள்ளைகள் நிறுத்திவிடுகிறார்கள், அது அவசரம்.

இல்லத்தைக் காலையில் போய்ப் பார்ப்பது போதாது. இரவு எட்டு மணிக்குமேல் அனுமதி கேட்டுப் போங்கள். எத்தனை பேருக்கு எத்தனை ஆள், அழைப்பு மணி அடித்தால் யார் வருகிறார் என்று நேரில் பாருங்கள். நடமாட முடிந்தவர்களை மட்டுமே சேர்க்கும் இல்லங்கள் நிறைய. படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வீர்களா, திருப்பி அனுப்புவீர்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். புரள முடியாதவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். இரவில் இதை யார் செய்வார் என்ற கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் வேறு இடம் தேடுங்கள். அட்வான்ஸில் எவ்வளவு திரும்பும், டயப்பர், பிசியோதெரபி, ஆம்புலன்ஸ் செலவு மாதக் கட்டணத்துக்குள்ளா வெளியிலா என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அருகில் என்ன வசதி உண்டு என்று தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567-ஐ அழைக்கலாம், கட்டணம் இல்லை.

எல்லாம் முடிவான பிறகு பெற்றோரிடம் சொல்வது பெரிய தவறு. "நாலு நாள்தான்" என்று பொய் சொல்லிக் கூட்டிப்போனால் அவர் சாப்பிட மறுப்பதும், யாரையும் நம்பாமல் போவதும் நடக்கும். ஒரு மாதம் தங்கிப் பார்க்கும் ஏற்பாட்டை இல்லத்திடம் கேளுங்கள். அந்த மாதம் முடியும்வரை வீட்டில் அவருடைய கட்டிலையும் அலமாரியையும் எடுத்துவிடாதீர்கள்.