"பைக் சறுக்கிருச்சு டாக்டர்": காயம்பட்டவர்கள் செய்யும் தவறுகள்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் பக்கம், விடிகாலை நாலரை மணி. மல்லிகைப்பூ மூட்டையோடு எக்ஸெல்லில் போன என் சித்தப்பாவை ஒரு மினி லாரி பின்னாலிருந்து இடித்துத் தள்ளியது. வலது காலில் எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் என்ன ஆச்சு என்று கேட்க, போலீஸ், கேஸ் என்று எதற்கு அலைய வேண்டும் என நினைத்த மனுஷன், "பைக் சறுக்கிருச்சு டாக்டர்" என்று சொல்லிவிட்டார். அவரும் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் அதை அப்படியே எழுதிவிட்டார். மூன்று வாரம் கழித்து எஃப்.ஐ.ஆர். போட்டு, அப்புறம் நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டபோது, இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் நீட்டிய காகிதம் அந்த ஏ.ஆர். காப்பிதான்.

நான் வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா. இத்தனை வருஷமாகக் கேஸ் கட்டுகளைச் சுமந்து பார்த்ததில் சொல்கிறேன், பாதி வழக்கு கோர்ட்டுக்கு வருவதற்கு முன்பே, காயம்பட்ட அன்றைக்கே கெட்டுப்போய்விடுகிறது.

அடிதடி வழக்கிலும் இதே கதைதான். ஏ.ஆர். காப்பியில் "தெரிந்த நபர் ஒருவர் கையால் தாக்கியதாக" என்று இருக்கும். சாயங்காலம் மச்சானும் பங்காளிகளும் ஸ்டேஷன் வாசலில் கூடி எழுதிய புகாரில் அது ஐந்து பேராகி, கையில் அருவாளும் ஏறியிருக்கும். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், உண்மையாக அடித்த அந்த ஒருவனும் தப்பித்துவிடுவான்.

சட்டத்தில் தாக்குதல் வேறு, அஜாக்கிரதை வேறு. வேண்டுமென்றே ஒருவர் மேல் கை வைத்தால் அது தாக்குதல். பெரிய காயம் இல்லாவிட்டாலும் உரிமையியல் வழக்குப் போடலாம். அஜாக்கிரதைக்கு அது போதாது. எதிராளிக்குக் கவனமாக இருக்க வேண்டிய கடமை இருந்தது, அதில் தவறினார், அதனால்தான் எனக்கு இந்தக் காயமும் நஷ்டமும் என்று மூன்றையும் காட்டியாக வேண்டும். கோபத்தில் நம் ஆட்கள் சாதாரண விபத்தைக்கூட "என்னைக் கொல்லத்தான் வண்டியை ஏற்றினான்" என்று எழுதிக்கொடுத்து விடுகிறார்கள். பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி, வேண்டுமென்றே இடித்ததாக நீங்களே சொல்லியிருக்கிறீர்களே, இது எப்படி விபத்து ஆகும் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

போலீஸ் வழக்கு நடக்கிறது, பணம் தானாக வரும் என்று காத்திருப்பவர்களும் நிறையப் பேர். குற்ற வழக்கு அடித்தவனுக்குத் தண்டனை வாங்கித்தர. அதில் கோர்ட் நினைத்தால் ஏதோ கொஞ்சம் இழப்பீடு தரச் சொல்லலாம், அவ்வளவுதான். வாகன விபத்து என்றால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தனியாக மனுப் போட வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் அதற்குச் சட்டத்தில் எழுதியிருக்கும் கெடு ஆறு மாதம். இந்தக் கெடுவை எதிர்த்து வழக்குகள் போயிருக்கின்றன, ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். கோயம்புத்தூரில் அடிபட்டாலும் நீங்கள் குடியிருப்பது மதுரை என்றால் இங்கேயே போடலாம். இது தெரியாமல் பஸ் ஏறி அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குற்ற வழக்கில் டிரைவர் விடுதலையாகிவிட்டார் என்பதற்காக உங்கள் மனு செத்துப்போகாது. அங்கே கேட்கும் அளவுக்கு இங்கே நிரூபணம் கேட்பதில்லை.

ஹெல்மெட் போடவில்லை, மூன்று பேர் போனோம், நம் மேலும் தப்பு, கேஸ் நிற்காது என்று விட்டுவிடுவதும் தவறு. மூன்று பேர் போனது போக்குவரத்து விதிமீறல்தான், ஆனால் விபத்துக்கோ காயத்துக்கோ அதுவே காரணம் என்று காட்டாமல் அதை வைத்து மட்டும் நஷ்டஈட்டைக் குறைக்க முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் தப்பும் நிஜமாகவே சேர்ந்திருந்தால் அந்தப் பங்கைக் கழிப்பார்கள், மொத்தமாக இல்லை என்று அனுப்பிவிட மாட்டார்கள்.

தெரிந்தே ஏற்ற ஆபத்துக்கும் ஒரு எல்லை உண்டு. அலங்காநல்லூர் வாடிவாசல் முன்னால் போய் நிற்கிற மாடுபிடி வீரர், மாடு முட்டிவிட்டது என்று மாட்டுக்காரர் மேல் வழக்குப் போட்டால் எடுபடுவது கஷ்டம். கேலரி சரிந்து பார்வையாளருக்குக் கால் உடைந்தால் அது வேறு. மாட்டை வேடிக்கை பார்க்கத்தானே அவர் வந்தார், சரிகிற கேலரிக்கா சம்மதித்தார்?

ஆஸ்பத்திரி விஷயத்தில் எல்லோரும் வைத்தியம் சரியில்லை என்றே வாதாடப் பார்க்கிறார்கள், கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவத்தைக் கேட்டு வாங்குவதில்லை. ஒரு வழக்கில் பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்த பெண்ணுக்கு, மயக்கத்தில் இருக்கும்போதே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து எதுவும் இல்லை. சம்மதம் இல்லாமல் செய்த அந்த அறுவை சிகிச்சை தாக்குதலுக்குச் சமம் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இழப்பீடு 25,000 ரூபாய், டாக்டருக்கு அந்த ஆபரேஷன் ஃபீஸும் கிடையாது. தொகை குறைவு என்பது என் அபிப்பிராயம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் கெடு இரண்டு வருஷம்.

அப்புறம் அந்த ஊனச் சான்று. 20 சதவீதம் என்று போட்டிருந்தால் வருமானத்திலும் 20 சதவீதம்தான் போயிற்று என்று நாமே முடிவுகட்டி விடுகிறோம். அப்படி இல்லை. விரல் மடங்காதது ஆபீஸில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு மாதிரி, நாள் முழுக்கப் பூக்கட்டிப் பிழைக்கும் அம்மாவுக்கு வேறு மாதிரி. அவரால் இனி எத்தனை முழம் கட்ட முடியும் என்பதைச் சாட்சியத்தில் சொல்ல வேண்டும். நாம் சொல்லாமல் கோர்ட்டுக்குத் தெரியாது. ஆட்டோ பில், மருந்துச் சீட்டு, துணைக்கு இருந்தவருக்குப் போன கூலி எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு வையுங்கள்.

வார்டுக்கே தேடிவந்து, ஜெயித்தால் முப்பது பர்சென்ட் கொடுங்கள் போதும் என்பவரிடம் வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீல் அப்படிப் பங்கு பேசுவதற்கு பார் கவுன்சில் விதியிலேயே தடை இருக்கிறது.

சித்தப்பா வழக்கு இன்னும் முடியவில்லை. போன மாதம் அவரைக் கூண்டில் ஏற்றி, சறுக்கியதா இடித்ததா, ஒன்றைச் சொல்லுங்கள் என்று மடக்கினார்கள். டீக்கடைக்காரர் ஏற்கெனவே லாரியைப் பார்த்ததாகச் சாட்சி சொல்லியிருந்தார். சித்தப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இடிச்சதுலதாங்கய்யா சறுக்குச்சு."