விர்ச்சுவல் டெஸ்க்டாப்பும் கண்கவர் எஃபெக்ட்களும்: எங்கே சறுக்குகிறோம்?

விர்ச்சுவல் டெஸ்க்டாப் என்பது ஒரே திரையில் பல டெஸ்க்டாப்புகளை வைத்து, மாறி மாறிப் பயன்படுத்தும் வசதி. அதிலும் திரை எஃபெக்ட்களிலும் பலர் சறுக்குவது தொடக்கத்திலேயே. டெஸ்க்டாப் மாறும்போது சுழலும் கனசதுரம், இழுத்தால் ஜெல்லி போல ஆடும் விண்டோ, கண்ணாடி போன்ற மங்கல் பின்னணி, கூடவே ஆறு டெஸ்க்டாப் என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஆன் செய்துவிடுகிறார்கள். அப்புறம் கணினி திணறினால், எதனால் என்று தெரியாது. ஒன்றைப் போடுங்கள், ஓரிரு நாள் வழக்கமான வேலையைச் செய்து பாருங்கள், பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

அதற்கும் முன்னால் கிராஃபிக்ஸ் சிப்பை இயக்கும் நிரலான கிராஃபிக்ஸ் டிரைவரைப் பார்த்துவிட வேண்டும். இந்த எஃபெக்ட்களை வரைவது கிராஃபிக்ஸ் சிப்பின் வேலை. டிரைவர் சரியாக இல்லாவிட்டால் அந்த வேலை முழுவதும் பிராசசர் தலையில் விழும். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்றோ, லினக்ஸில் கிராஃபிக்ஸ் விவரத்தில் ‘எல்எல்விஎம்பைப்’ என்றோ இருந்தால் டிரைவர் சரியாக ஓடவில்லை என்று பொருள், முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

விர்ச்சுவல் டெஸ்க்டாப் பற்றி ஒரு பெரிய தவறான எண்ணம் உண்டு. ஒரு விண்டோவை இன்னொரு டெஸ்க்டாப்புக்குத் தள்ளிவிட்டால் நினைவகம் மிச்சமாகும் என்று நம்புகிறார்கள். ஆகாது. கண்ணுக்குத் தெரியாத டெஸ்க்டாப்பில் இருந்தாலும் அந்த நிரல் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதேபோல இது தனிக் கணக்கும் அல்ல, பூட்டும் அல்ல. விண்டோஸ் கீயுடன் டேப் அழுத்தினால் எல்லாமே வரிசையாகத் தெரிந்துவிடும். முகப்பில் உள்ள கோப்புகளும் பொதுவானவை. ஒரு டெஸ்க்டாப்பில் அழித்தால் எல்லாவற்றிலும் போய்விடும். ரகசியம் காக்க வேண்டுமென்றால் தனி யூசர் கணக்குத்தான் வழி.

மவுஸை மட்டும் நம்புவது இன்னொரு தவறு. விண்டோஸ் 10 வந்த 2015 முதல் இதற்கான கீகள் உள்ளன: விண்டோஸ் கீ, கன்ட்ரோல் இரண்டோடு டி அழுத்தினால் புதிய டெஸ்க்டாப், அம்புக்குறி அழுத்தினால் பக்கத்து டெஸ்க்டாப், எஃப்4 அழுத்தினால் நீங்கள் இருக்கும் டெஸ்க்டாப் மூடும். மூடினால் திறந்திருக்கும் கோப்பும் மூடிவிடுமோ என்ற பயம் வேண்டாம், விண்டோக்கள் பக்கத்து டெஸ்க்டாப்புக்கு நகர்ந்துவிடும்.

மேக்கில் ஒரு சிக்கல் பலரை வெறுப்பேற்றுகிறது. சமீபத்தில் பயன்படுத்தியதைப் பொறுத்து ஸ்பேஸ்களை (மேக்கில் விர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்கு அதுதான் பெயர்) தானாக மாற்றி அடுக்கும் வசதி அதில் முதலிலேயே ஆன் ஆகியிருக்கும். மின்னஞ்சல் இரண்டாவதில் இருக்கிறது என்று கை பழகியிருக்கும்போது அது மூன்றாவதுக்குப் போயிருக்கும். எது எங்கே என்று யோசிக்காமல் போக முடிவதுதான் இந்த வசதியின் முழுப் பயனே. செட்டிங்ஸில் டெஸ்க்டாப் அண்ட் டாக் பகுதியில் அதை உடனே அணைத்துவிடுங்கள்.

எஃபெக்ட்களில் எதை வைத்துக்கொள்வது? எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. விண்டோ எங்கே போனது, எந்தப் பக்கம் நகர்ந்தோம் என்று காட்டும் எஃபெக்ட் வேலைக்கு உதவுகிறது. 2006-இல் காம்பிஸ் என்ற லினக்ஸ் நிரல் பிரபலமாக்கிய கனசதுரம் அழகுதான். லினக்ஸ் டெஸ்க்டாப் சூழல்களில் ஒன்றான கேடிஇ அதைக் கைவிட்டு, 2024-இல் தன் பிளாஸ்மா 6 பதிப்பில் மீண்டும் கொண்டுவந்தது. ஆனால் நாள் முழுக்க டெஸ்க்டாப் மாற்றுபவர் ஒவ்வொரு முறையும் அது சுழன்று முடியக் காத்திருக்க முடியாது. பக்கவாட்டில் சட்டென நகரும் சாதாரண ஸ்லைடே போதும், அதன் வேகத்தையும் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோக்களை ஒன்றுசேர்த்து எஃபெக்ட்களோடு திரையில் காட்டும் நிரல்தான் கம்பாசிட்டர். லினக்ஸில் எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பைப் பயன்படுத்துபவர்கள் ஒரே நேரத்தில் இரண்டு கம்பாசிட்டரை ஓட்டக் கூடாது. எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப் சூழலில் பைகாம் என்ற தனிக் கம்பாசிட்டரைப் போடுவதானால், எக்ஸ்எஃப்சிஇ-யின் சொந்தக் கம்பாசிட்டரை அணைத்துவிட்டுப் போடுங்கள். இன்னொரு டெஸ்க்டாப் சூழலான க்னோமில் எஃபெக்ட் தரும் எக்ஸ்டென்ஷன்கள் (கூடுதல் இணைப்பு நிரல்கள்) க்னோமின் புதிய பதிப்பு வந்ததும் வேலை செய்யாமல் போவது சகஜம், எனவே பதிப்பை மாற்றும் முன் அவற்றை அணைத்து வையுங்கள்.

வேகம் வேண்டும் என்று விண்டோஸில் ‘பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ தேர்ந்தெடுப்பவர்கள் கவனிக்க: அது எழுத்துகளின் விளிம்பை மென்மையாக்கும் வசதியையும் சேர்த்து எடுத்துவிடும், எழுத்தின் வளைவுகள் பிசிறடிக்கும். அந்த ஒரு டிக்கை மட்டும் திரும்பப் போடுங்கள்.

கணினியை வேறொருவரும் பயன்படுத்துகிறார் என்றால் அவரிடம் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள். திரை ஆடினாலே சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வரும். விண்டோஸ் 11-இல் ஆக்சஸிபிலிட்டியில் அனிமேஷன் எஃபெக்ட்ஸையும், மேக்கில் அதே பகுதியில் ரிட்யூஸ் மோஷனையும் தேடினால், அசைவுகளைக் குறைத்துவிடலாம்.