அனிமேயில் உங்கள் சாயல் கொண்ட அமானுடர் யார்?

எங்கள் ஊர் எல்லையில் இருக்கும் கருப்பராயனைப் பற்றிப் பெரியவர்கள் பேசும்போது, சாமி அந்த இடத்தில் ‘கட்டுக்கு’ உட்பட்டு நிற்கிறது என்பார்கள். ஜப்பானிய அசைவூட்டப் படங்களான அனிமேயில் நமக்கு ஒப்பான அமானுடப் பாத்திரத்தைத் தேடுவதற்கும் இந்தக் ‘கட்டு’ என்ற சொல்லே சரியான திறவுகோல் என்பது என் கருத்து. அங்கே வரும் யோகாய் (பேய், பூதம் போன்ற அமானுடர்), ஷினிகாமி (மரண தெய்வம்), நதித் தெய்வம், சூனியக்காரி ஆகிய ஒவ்வொருவரையும் ஒரு பெயரோ, இடமோ, பசியோ, கொடுத்த வாக்கோ கட்டியிருக்கிறது. அந்தக் கட்டுக்குள் நின்று அவர்கள் செய்வதில்தான் அவர்களுடைய குணம் தெரிகிறது. ஆகவே உங்களுடைய கட்டு எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பாத்திரத்தை அதன்பின் தேடலாம்.

பிடித்த நிறம், பிடித்த பருவம் என்று பத்துக் கேள்வி கேட்டுவிட்டு முடிவு சொல்லும் இணையச் சோதனைகளை ஒதுக்கிவிடுங்கள். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர், தம் மாணவர்கள் ஒவ்வொருவருக்கும் ‘இது உங்களுக்கென்றே எழுதப்பட்ட குணவிவரம்’ என்று ஒரு தாளைக் கொடுத்தார். உண்மையில் எல்லோருக்கும் கிடைத்தது ஒரே வாசகம்தான். அதையும் பெரும்பாலும் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். அப்படியிருந்தும் அது தமக்குப் பொருந்துவதாக மாணவர்கள் ஐந்துக்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் அளித்தார்கள். இணையச் சோதனை ‘நீங்கள் வெளியே அமைதி, உள்ளே புயல்’ என்று சொல்லும்போது நாம் தலையாட்டுவதும் இதே போன்றதுதான். ஜப்பானில் பாத்திரங்களின் இரத்த வகையைக்கூடக் குறிப்பிட்டுக் குணம் சொல்வதுண்டு. அதற்கும் அறிவியல் அடிப்படை கிடையாது.

ஒரு தாளை எடுத்து, கடந்த ஒரு மாதத்தில் நீங்கள் கோபப்பட்ட, பயந்த, விட்டுக்கொடுத்த மூன்று நிகழ்ச்சிகளை எழுதுங்கள். ‘நான் பொறுமைசாலி’ என்பது போன்ற பட்டங்கள் இதற்கு உதவாது. ‘காந்திபுரத்தில் ஐந்து ரூபாய் சில்லறைக்காக நடத்துநரிடம் வாதாடினேன்’ என்று நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். பிறகு ஒவ்வொன்றின் கீழும், அப்போது உங்களால் செய்ய முடியாமல் போனது எது, உங்களைத் தடுத்தது எது என்று ஒரு வரி சேருங்கள். மூன்று இடத்திலும் ஒரே பதில் திரும்பத் திரும்ப வருமானால், அதுதான் உங்கள் கட்டு.

‘பிறர் என்ன நினைப்பார்கள்’ என்பது அடிக்கடி வந்தால், ஹயாவோ மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ படத்தில் (2001) வரும் காவோநாஷியை, அதாவது முகமிலியை, உற்றுப் பாருங்கள். முகமூடி அணிந்து பாலத்தில் நிற்கும் அவனுக்குச் சொந்தமாகப் பேச்சு இல்லை. குளியல் இல்லத்தில் ஒரு தவளையை விழுங்கிய பிறகு தவளையின் குரலில் பேசுகிறான். அங்குள்ளவர்கள் தங்கத்துக்கு அலைவதைக் கண்டதும் கை நிறையத் தங்கத்தை நீட்டுகிறான். சிஹிரோ என்ற சிறுமி மட்டும் அதை வேண்டாம் என்றதும் நிலைகுலைந்து போகிறான். புதிய வேலையில் சேர்ந்த மூன்றாம் வாரமே மேலாளர் பேசும் தோரணையில் நீங்களும் பேசத் தொடங்கியிருந்தால், கல்யாண வீட்டு மொய் நோட்டில் முன்னவர் எழுதிய தொகையைப் பார்த்துவிட்டு உங்கள் தொகையைக் கூட்டியிருந்தால், கூச்சப்படாமல் இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு கிழவியின் வீட்டில் நூல் நூற்கும் வேலை கிடைத்ததும் அவன் அடங்கிவிடுகிறான் என்பதைத் திருப்பூர்க்காரர்கள் தனியாகக் கவனிக்கலாம்.

அதே படத்தின் ஹாக்குவைப் பலரும் அழகுக்காகத் தேர்ந்தெடுக்கிறார்கள், அது தவறு. அவன் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்காக மூடப்பட்ட ஓர் ஆற்றின் தெய்வம். குளியல் இல்லத்தை நடத்தும் சூனியக்காரி யுபாபா அவன் பெயரைப் பறித்துக்கொண்டதால் திரும்பும் வழி தெரியாமல் அவளுக்கே வேலை செய்கிறான். பிழைப்புக்காகச் சொந்த ஊரையும் சொந்த விருப்பத்தையும் மறந்தவர்களுக்கே அவன் பொருந்துவான். சேறும் நாற்றமுமாக வந்து, உடலிலிருந்து மிதிவண்டியும் குப்பையும் வெளியேறிய பின் நதித் தெய்வமாகத் தெளியும் இன்னொருவரும் அப்படத்தில் உண்டு. வெள்ளியங்கிரியில் பிறந்து சாயக்கழிவைச் சுமந்துசெல்லும் நொய்யலைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தக் காட்சியைச் சாதாரணமாகக் கடக்க முடிவதில்லை.

மனத்தாங்கல் உங்கள் கட்டானால் ‘ஹெல் கேர்ள்’ தொடரின் (2005) என்மா ஐ இருக்கிறாள். ‘என்மா’ என்பது பௌத்தத்தின் வழியே ஜப்பான் சென்ற நம் எமனின் பெயர்தான். நள்ளிரவில் ஓர் இணையதளத்தில் பகைவரின் பெயரை எழுதினால், அவள் சிவப்பு நூல் கட்டிய வைக்கோல் பொம்மையைத் தருவாள். நூலை இழுத்தால் பகைவர் நரகம் செல்வார், ஆனால் இழுத்தவருக்கும் இறந்தபின் அதே நரகம்தான். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்துப் பூசி நியாயம் கேட்பவர்களைக் கண்டவர்களுக்கு இந்தக் கதை புதிதாகத் தோன்றாது. இங்கே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும்: கோபத்தில் நூலை இழுப்பவர்கள் என்மா ஐ அல்லர். தனக்கு நேர்ந்த கொடுமையை மனத்தில் வைத்துக்கொண்டே, பிறருடைய வழக்குகளை முகம் மாறாமல் சுமப்பவளே அவள்.

ஓரிடத்தில் நிலைக்க முடியாதது உங்கள் கட்டானால், ‘முஷிஷி’ தொடரின் கின்கோ பொருந்துவான், பிறர் கண்ணுக்குத் தெரியாத முஷி என்ற நுண்ணிய உயிர்களைத் தன்பால் ஈர்ப்பவன் என்பதால் எங்கும் நெடுநாள் தங்க முடியாமல் ஊர் ஊராக நடப்பவன் அவன். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடநாடு செல்பவர்களுக்கு இவனைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. பலவீனத்தை மறைப்பவர்களுக்கு, அமாவாசை இரவில் மட்டும் வெறும் மனிதனாகிவிடும் பாதி யோகாய் இனுயாஷா. ஓய்வில்லாத உழைப்பால் திறமையே மங்கிப்போனவர்களுக்கு, பறக்கும் ஆற்றலை இழக்கும் பதின்மூன்று வயதுச் சூனியக்காரி கிக்கி. ‘டீமன் ஸ்லேயர்’ தொடரில் அரக்கியாக மாறியும் மனிதரைத் தின்னும் பசியை அடக்கி உறங்கியே மீளும் நெசுகோவும், ‘டெத் நோட்’ தொடரில் பெயர் எழுதினால் உயிர் பறிக்கும் குறிப்பேட்டைச் சலிப்பு தாளாமல் கீழே போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கும் ஷினிகாமி ரியூக்கும் கைவசம் இருக்கட்டும்.

முடிவைக் குறித்த பின், பெயரைச் சொல்லாமல் அந்தப் பாத்திரத்தின் கதையை மட்டும் வீட்டில் ஒருவரிடம் சொல்லி, இதில் நான் யார் என்று கேளுங்கள். நான் என்னை ‘நட்சுமேஸ் புக் ஆஃப் ஃப்ரெண்ட்ஸ்’ தொடரின் நட்சுமே தகாஷி என்று நினைத்திருந்தேன். பாட்டி ரெய்கோ யோகாய்களைப் பந்தயத்தில் தோற்கடித்து ஓர் ஏட்டுக்காக எழுதி வாங்கிய பெயர்களை, அந்த ஏட்டிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கும் பையன் அவன். அவனுக்குக் காவலாக வரும் பூனை நியாங்கோ சென்செய்க்கு ஓர் ஒப்பந்தம் உண்டு: பையன் இறந்தால் ஏடு பூனைக்கு. இதை என் அமிச்சியிடம் (அம்மாவின் அம்மாவிடம்) சொன்னபோது அவர் முறுக்கு மாவைப் பிசைந்துகொண்டே கேட்டுவிட்டு, “ஏங் கண்ணு, வாங்குனதத் திருப்பிக் குடுக்கற பையன் நீயில்ல. எப்ப அந்த நோட்டு கைக்கு வருமுன்னு கூடவே திரியுதே ஒரு பூனை, அதுதான் நீயி” என்றார்.

இறுதிச் சோதனை எளிது. உங்களுக்குக் கிடைத்த பாத்திரம் மிகக் கேவலமாக நடந்துகொள்ளும் காட்சியைப் போட்டுப் பாருங்கள். சிரித்துக்கொண்டே பார்க்க முடிந்தால், தாளை மீண்டும் எடுத்துத் தேட வேண்டும். பார்க்க முடியாமல் கை தானாக ஓட்டிவிடப் போனால் பாத்திரம் சரி. காவல் வேலையை மறந்து குடித்துவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பும் அந்தப் பூனையின் காட்சிகளை, அக்கா மகள் பக்கத்தில் இருக்கும்போது நான் இப்போது ஓட்டிவிடுகிறேன்.