கிணற்றில் பழகியவர்கள் பந்தயக் குளத்தில் இறங்குவதற்கு முன்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நம்மில் பாதிப்பேர் நீச்சல் பழகியது கிணற்றில்தான். இடுப்பில் கயிறு, முதுகில் காலி கேன், மேலே நின்று மாமாவோ சித்தப்பாவோ ‘கையைப் போடுடா’ என்று கத்துவார், நாலாம் நாள் கேனை அவிழ்த்துவிட்டுத் தள்ளிவிடுவார். பயம் போய்விடும், அது பெரிய விஷயம்தான். ஆனால் அதே நீச்சலோடு 50 மீட்டர் குளத்தில் பந்தயத்துக்கு நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல், முதல் 30 மீட்டர் நான்தான் முன்னால். சுவரைத் தொடுவதற்குள் கை கல்லாகிவிட்டது, நான் வந்து சேர்ந்தபோது பக்கத்து லேன் பையன் தலை துவட்டிக்கொண்டிருந்தான்.

பலம் குறைவில்லை, பழக்கம்தான் தப்பு. கிணற்றில் சுவரையும் படியையும் பார்க்கத் தலையைத் தூக்கியே நீந்துவோம். தலை ஏறினால் இடுப்பும் காலும் இறங்கிவிடும், அப்புறம் தண்ணீரை நெஞ்சால் முட்டித் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். குளத்தின் தரையில் ஓடும் கறுப்புக் கோட்டைப் பாருங்கள், கொஞ்சம் முன்னால். மூச்சுக்குத் தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்பினால் போதும், ஒரு கண் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். முக்கியமாக, மூச்சைத் தண்ணீருக்குள்ளேயே விட்டு முடித்துவிடுங்கள். அடக்கி வைத்திருந்தால், முகம் வெளியே வரும் அந்த ஒரு நொடியில் விடவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும், அது நடக்காத காரியம்.

கைக்கு வருவோம். படியில்லாத பக்கம் கிணற்றுத் திட்டில் கையூன்றி உடம்பை மேலே ஏற்றுவோமே, அப்போது முழங்கை மேலே நிற்கும், முன்கை முழுக்கப் பாரத்தை வாங்கும். தண்ணீருக்குள் கை இறங்கியதும் அதையேதான் செய்ய வேண்டும். நேராக நீட்டிய கையால் கீழே அழுத்தினால் உடம்பு மேலே எழும்பும், முன்னால் போகாது. குளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இரண்டு நீளம் முஷ்டியை மூடிக்கொண்டு நீந்திப் பாருங்கள், முன்கைக்கும் வேலை இருக்கிறது என்று தானாகவே புரியும்.

ஸ்டார்ட்டும், சுவரைத் தொட்டுத் திரும்பும் டர்னும் நமக்குச் சாதகம், ஏனென்றால் முங்கு நீச்சல் நமக்குத் தண்ணி பட்ட பாடு. ஃப்ரீஸ்டைலில் 15 மீட்டருக்குள் தலை வெளியே வந்துவிட வேண்டும் என்பது விதி, அதுவரைக்கும் உள்ளேயே போகலாம். ஒரு கை மேல் இன்னொரு கை, புஜம் இரண்டும் காதை ஒட்டி இருக்கட்டும். தரைக்கோடு சுவருக்கு 2 மீட்டர் முன்னால் குறுக்குக்கோட்டோடு முடியும், டர்னுக்கு அதுதான் அடையாளம். திரும்பியதும் முதல் ஸ்ட்ரோக்கில் (கைவீச்சில்) மூச்சு எடுக்காதீர்கள்.

வேகத்துக்கு நான் செய்வது, எட்டு தடவை 50 மீட்டர், நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு. எட்டும் ஏறக்குறைய ஒரே டைமில் வர வேண்டும். முதலாவது 35 விநாடி, கடைசி 45 என்றால் நீங்களும் என்னை மாதிரிதான், ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுகிற ஆள்.

குளம் பக்கத்தில் இல்லாத நாட்களில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஜன்னல் கம்பியில் கட்டி, குனிந்து நின்று இழுங்கள், முழங்கை மேலே. தனியாகக் கிணற்றிலோ அணையிலோ பயிற்சி வேண்டவே வேண்டாம். ஒகேனக்கல் ஆற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, நம் ஊர்க்காரர்களுக்கே தெரியும். வேக வேகமாக மூச்சிழுத்துவிட்டு முங்கும் போட்டியும் கூடாது, மூச்சு முட்டுகிற உணர்வே வராமல் தண்ணீருக்கடியில் மயக்கம் வந்துவிடும்.

மனசு விஷயம் ஒன்றுதான்: எண்ணிக்கை. ஒரு நீளத்துக்கு எத்தனை ஸ்ட்ரோக் என்று பயிற்சியிலேயே மனப்பாடம் ஆகிவிட வேண்டும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் அமெரிக்க வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டது, சுவர் கண்ணுக்குத் தெரியவில்லை, ஸ்ட்ரோக்கை எண்ணியே நீந்தி 1:52.03 என்று உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். எண்ணிக்கொண்டிருந்தால் பக்கத்து லேனைப் பார்க்கவும் நேரம் இருக்காது. ஸ்டார்ட்டிங் பிளாக்கில் வயிற்றைக் கலக்கும், எல்லோருக்கும்தான். அவசரப்பட்டு சிக்னலுக்கு முன்னால் குதித்தால் ஒரே தடவையில் வெளியே.

போட்டி அன்று காலையில் களி வேண்டாம். மூன்று இட்லி, இரண்டரை மணி நேரம் முன்னதாக. பையில் இன்னொரு கண்ணாடி, அதன் பட்டையை வீட்டிலேயே தலைக்குச் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.