மிலிட்டரியிலிருந்து ஊர் திரும்பியவர் எந்த ஆபீசில் எதைக் கேட்பது?

சிப்பாயாகச் சேர்ந்தவர் நாற்பது வயதுக்குள்ளேயே டிரங்குப் பெட்டியோடு ஊருக்கு வந்துவிடுகிறார், அப்புறம் எதற்கெடுத்தாலும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கே ஓடுகிறார். எங்கள் அப்பாவும் அப்படித்தான் அலைந்தார். காசு யார் கையிலிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள், மனுவும் அங்கேதான் போக வேண்டும்.

அந்த அலுவலகமே முதல் உலகப் போர் முடிந்து திரும்பியவர்களுக்காக வெள்ளைக்காரன் காலத்தில் வந்த போர்டுகளின் வாரிசுதான். இன்று அதை நடத்தும் செலவில் மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40. உதவி இயக்குநர், நல அமைப்பாளர், சில எழுத்தர்கள், அவ்வளவு பேர்தான் மாவட்டம் முழுக்கப் பார்க்கிறார்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் கல்வி உதவி, கொடிநாள் நிதியிலிருந்து வரும் உதவிகள் எல்லாம் இங்கே கேட்கலாம்.

பென்ஷன் பாதுகாப்புத் துறையின் பணம். அதில் குறை என்றால் அந்தத் துறையின் பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷில்தான் புகார் போட வேண்டும், மாவட்ட அலுவலகத்தில் இருப்பவர்களால் கணக்கைத் திருத்த முடியாது. செக்யூரிட்டி வேலை வேண்டுமா, 1986-இல் தமிழக அரசு தொடங்கிய முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோவில் பதிந்து வையுங்கள். தொழில் பயிற்சியை மட்டும் ஊருக்கு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், சர்வீசில் இருக்கும்போதே, ஓய்வுபெறுபவர்களை வேறு வேலைக்குத் தயார்படுத்தும் பாதுகாப்புத் துறையின் மறுகுடியமர்வு இயக்குநரகத்தின் கோர்சுக்கு எழுதிக் கொடுங்கள். 24 வாரம் வரை போகும், ஜவான்களுக்குக் கட்டணம் அரசே கட்டுகிறது, அதிகாரிகள்தான் ஒரு பங்கு போட வேண்டும்.

எல்லாவற்றையும்விட, சர்வீஸ் முடிந்து வரும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக்கைப் பாருங்கள், எழுத்து எழுத்தாக. அம்மா பெயர் ஆதாரில் செல்வராணி, புக்கில் செல்வ ராணி. நடுவில் கிடந்த அந்த ஒரு இடைவெளிக்காக அப்பா எட்டு மாதம் கடிதம் எழுதினார். திருத்தம் உங்கள் ரெஜிமெண்டின் ரெக்கார்ட் ஆபீசில்தான் நடக்கும், மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. யூனிட்டில் இருக்கும்போதே மனைவி, பிள்ளைகள் பெயர், குடும்ப விவரங்களைப் பதியும் பார்ட் டூ ஆர்டரில் சரியாக ஏறியிருக்கிறதா என்று கிளார்க்கிடம் கேட்டுவிட்டால் இந்தப் பாடே இல்லை.

சரி, போகும்போது டிஸ்சார்ஜ் புக், பிபிஓ என்கிற பென்ஷன் ஆணை, ஆதார், பாங்க் பாஸ்புக், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். செராக்ஸ் இரண்டு செட். ஒரிஜினலை மட்டும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.